கவுண்டி திருமண உரிமமும் திருமணப் பதிவேடும்: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் முதலில் தாலி, பிறகு பதிவு. 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் கல்யாணம் முடிந்து 90 நாள் அவகாசம் தருகிறது. அமெரிக்காவில் இந்த வரிசை தலைகீழ்: முதலில் அரசு உரிமம், அப்புறம்தான் தாலி. பழைய பழக்கத்தில் போகிறவர்கள் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உரிமம் வாங்குவது முதல் நாற்பது வருஷத்துக்கு முந்தைய பதிவைத் தேடுவது வரை கேட்கப்படும் கேள்விகள் கீழே. கலிபோர்னியா, டெக்சாஸ் விதிகள் அதிகம் வரும். மற்ற மாநிலங்கள் தேவைப்படும் இடத்தில்.

மேரேஜ் லைசென்ஸ், மேரேஜ் சர்ட்டிஃபிகேட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. லைசென்ஸ் என்பது கல்யாணம் செய்துகொள்ள அனுமதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு மணம் முடித்து, முடித்து வைத்தவர் கையெழுத்திட்டு, அந்தத் தாள் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பதிவான பிறகு அலுவலகம் தரும் சான்றிட்ட நகல்தான் சர்ட்டிஃபிகேட். கலிபோர்னியாவில் இரண்டுக்கும் ஒரே தாள்தான்: மேல் பாதி உரிமம், கீழ்ப் பாதி மணம் நடந்ததற்கான சான்று. கீழ்ப் பாதி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் மணமாகாதவர். கோயிலிலோ மண்டபத்திலோ பூக்கரை போட்டுக் கொடுக்கும் அலங்காரச் சான்றிதழைச் சட்டம் பார்க்காது, விசா அதிகாரியும் பார்க்க மாட்டார். அது சுவரில் மாட்டத்தான்.

எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

மாநிலத்தைப் பொறுத்து மாறும். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகள், டெக்சாஸின் 254 கவுண்டிகள், இல்லினாய்ஸின் 102 கவுண்டிகள் ஆகிய எல்லாவற்றிலும் கவுண்டி கிளார்க். வாஷிங்டன் மாநிலத்தில் கவுண்டி ஆடிட்டரின் பொறுப்பு. விர்ஜீனியாவில் சர்க்யூட் கோர்ட் கிளார்க். பென்சில்வேனியாவில் உயில், வாரிசு வழக்குகளைக் கவனிக்கும் நீதிமன்றப் பிரிவு.

நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் கவுண்டி அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். எடிசனில் குடியிருந்தால் எடிசன் நகராட்சியின் ரெஜிஸ்ட்ரார்தான். மணமக்களில் ஒருவர் குடியிருக்கும் ஊரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் சிட்டி கிளார்க், வெளியூர்களில் டவுன் கிளார்க். குயீன்ஸ் ஒரு கவுண்டிதான் என்றாலும் அங்கே உரிமம் தருவது சிட்டி கிளார்க்கின் கிளை அலுவலகம்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்? இரண்டு பேரும் போக வேண்டுமா?

பொதுவாக இருவரும் ஒன்றாக, நேரில். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். நியூயார்க் மாநிலத்தின் சில டவுன் அலுவலகங்கள் பிறப்புச் சான்றும் கேட்கும். குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. விசிட்டர் விசாவில் இருப்பவரும் உரிமம் வாங்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டால், இல்லாதவர் இல்லை என்றே எழுதலாம். எண் இல்லை என்பதற்காக உரிமத்தை மறுக்க மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் பழைய கதை.

முன்பு மணமாகி விவாகரத்து பெற்றவர் அது இறுதியான தேதியைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். வழக்குப் போட்ட தேதி அல்ல, தீர்ப்பு இறுதியான தேதி. டெக்சாஸில் தீர்ப்பு வந்து 30 நாள் வரை வேறொருவரை மணக்க முடியாது. தீர்ப்பு சமீபத்தியது என்றால் நகலை எடுத்துப் போவது நல்லது.

நியூஜெர்சியில் விண்ணப்பிக்கும்போதே 18 வயதான ஒரு சாட்சியையும் அழைத்துப் போக வேண்டும். இது தெரியாமல் இருவர் மட்டும் போய்த் திரும்பி வருவது அங்கே வாடிக்கை. கட்டணம் ஊருக்கு ஊர் வேறு: நியூஜெர்சியில் 28 டாலர், நியூயார்க் நகரத்தில் 35, சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் 60. டெக்சாஸில் இருவருமே வெளிமாநிலத்தவர் என்றால் கூடுதலாக 100 டாலர்.

முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னால் வாங்க வேண்டும்?

இரண்டு கணக்கு உண்டு. ஒன்று காத்திருப்புக் காலம், இன்னொன்று காலாவதி. முகூர்த்தம் இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

கலிபோர்னியாவில் காத்திருப்பு கிடையாது. காலையில் வாங்கி மாலையில் மணக்கலாம். 90 நாளில் காலாவதி. டெக்சாஸில் 72 மணி நேரக் காத்திருப்பு, 90 நாள் ஆயுள். நியூயார்க்கில் 24 மணி நேரமும் 60 நாளும். வாஷிங்டனில் 3 நாளும் 60 நாளும். இல்லினாய்ஸில் மறுநாள் முதல் செல்லும், 60 நாளில் முடியும். நியூஜெர்சி, பென்சில்வேனியா இரண்டிலும் விண்ணப்பித்த பிறகு மூன்று நாள் கழித்துத்தான் உரிமத்தையே கையில் தருவார்கள். விர்ஜீனியாவில் காத்திருப்பு இல்லை, 60 நாள். லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் காத்திருப்பும் இல்லை, உரிமம் ஒரு வருஷம் வரை செல்லும், அலுவலகம் நள்ளிரவு வரை திறந்திருக்கும்.

டெக்சாஸின் 72 மணி நேரத்தை 'மூன்று நாள்' என்று எண்ணுவதில்தான் தவறு நடக்கிறது. உரிமத்தில் தேதியோடு மணியும் அச்சாகும். ஞாயிறு காலை 7.30-க்கு முகூர்த்தம். வியாழன் மதியம் 2 மணிக்கு உரிமம் வாங்கினீர்கள் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணி நிம்மதியாகிவிடுவீர்கள். ஆனால் 72 மணி முடிவது ஞாயிறு மதியம் 2 மணிக்கு. முகூர்த்தம் ஆறரை மணி நேரம் முந்திவிட்டது. புதன்கிழமையே போயிருக்க வேண்டும். முன்கூட்டியே திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: 'டுகெதர் இன் டெக்சாஸ்' என்ற எட்டு மணி நேரத் திருமண முன்தயாரிப்புப் பாடத்தை முடித்த சான்று இருந்தால் காத்திருப்பும் இல்லை, கட்டணத்தில் 60 டாலரும் குறையும். ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கும் காத்திருப்பு இல்லை.

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணக்க வருபவர்களுக்கான கே-1 விசாவில் வந்தவர்கள் நாட்டுக்குள் நுழைந்து 90 நாளுக்குள் மணக்க வேண்டும். அந்த 90 வேறு, உரிமத்தின் 90 வேறு. முன்னது நுழைந்த நாளிலிருந்து ஓடுகிறது. புது உரிமம் வாங்கினால் அது நீளாது.

மூன்று நான்கு வாரம் முன்னால் வாங்குவதே மேலே சொன்ன மாநிலங்களுக்குப் பொருந்தும் நடுவழி. அதற்கும் முந்தினால் முகூர்த்தம் தள்ளிப்போகும்போது காலாவதியாகும். கடைசி வாரம் வரை விட்டால் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது.

ஒரு கவுண்டியில் வாங்கிய உரிமத்தை வைத்து இன்னொரு கவுண்டிக் கோயிலில் கல்யாணம் செய்யலாமா?

கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் செய்யலாம். ஷுகர் லேண்டில் இருப்பவர் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வாங்கி, பிரசோரியா கவுண்டியில் இருக்கும் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் தாலி கட்டலாம். சான் ஹோசேக்காரர் சாண்டா கிளாரா கவுண்டியில் வாங்கி, அலமீடா கவுண்டியின் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் மணக்கலாம்.

இல்லினாய்ஸில் முடியாது. அங்கே உரிமம் எந்தக் கவுண்டியில் தரப்பட்டதோ அந்தக் கவுண்டிக்குள் மட்டும்தான் செல்லும். நேப்பர்வில்லில் இருப்பவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று டூபேஜ் கவுண்டியில் வாங்கிக்கொண்டு, அரோரா பாலாஜி கோயிலுக்குப் போனால் வம்புதான். அந்தக் கோயில் கேன் கவுண்டியில் இருக்கிறது. குடியிருக்கும் இடத்தை விடுங்கள், மணம் நடக்கும் இடம் எந்தக் கவுண்டி என்று முதலில் பாருங்கள். ஊர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேப்பர்வில் போன்ற ஊர்கள் இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கின்றன.

மாநில எல்லை தாண்டினால் எந்த உரிமமும் செல்லாது.

கலிபோர்னியாவில் 'பப்ளிக்', 'கான்ஃபிடென்ஷியல்' என்று இரண்டு சொல்கிறார்களே?

பப்ளிக் உரிமத்துக்குக் குறைந்தது ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். இருவருக்கு மேல் இடமில்லை. மண்டபத்தில் இருபது பேர் பேனாவோடு நின்றாலும் இரண்டே கையெழுத்துதான். பதிவைக் கவுண்டி ரெக்கார்டர் வைத்திருப்பார், விவரம் மாநிலத்துக்கும் போகும். கான்ஃபிடென்ஷியல் உரிமத்துக்குச் சாட்சி வேண்டாம். ஆனால் இருவரும் 18 வயதைத் தாண்டியவர்களாகவும் ஏற்கனவே தம்பதியாகச் சேர்ந்து வாழ்கிறவர்களாகவும் இருக்க வேண்டும். அப்படி வாழ்வதாகச் சத்தியம் செய்தே கையெழுத்திடுவீர்கள். அந்தப் பதிவு கவுண்டி கிளார்க்கிடம் மட்டும் இருக்கும். தம்பதியைத் தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நகல் கிடைக்காது.

கல்யாணத்துக்கு முன்பு தனித்தனியே இருப்பவர்கள், சாட்சி தேட வேண்டாமே என்று கான்ஃபிடென்ஷியலை எடுப்பது சரியல்ல. சட்டப்படி இரண்டும் சமமான கல்யாணம்தான். ஆனால் பின்னால் ஊரிலிருந்து அப்பாவோ தம்பியோ நகல் வாங்கித் தர வேண்டிய நிலை வந்தால் பப்ளிக் பதிவு எளிது.

பெயர்க் கட்டங்களில் என்ன எழுதுவது? எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது.

அவசரமில்லாமல் உட்கார்ந்து நிரப்ப வேண்டிய பகுதி இது. முதல் பெயர், நடுப்பெயர், தற்போதைய கடைசிப் பெயர், பிறந்தபோது இருந்த கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்.

விதி ஒன்றே: பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படி. வீட்டில் 'எஸ். கவிதா' என்பார்கள், ஆனால் பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் 'கவிதா', குடும்பப் பெயர் 'சுந்தரம்' என்று இருந்தால் லைசென்ஸிலும் அதுவே. இனிஷியலை நடுப்பெயர்க் கட்டத்தில் தனியே சேர்க்காதீர்கள். பிறகு ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் ஆகிவிடும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். அமெரிக்க விசாவில் அவர்களுடைய முழுப்பெயரும் கடைசிப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது, பெயர் அல்ல. ஆனால் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். லைசென்ஸிலும் அது ஏறிவிட்டால் அடுத்து வரும் ஐ-130, எச்-4 போன்ற குடியேற்ற, விசாத் தாள்களிலும் தொடரும். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் புதுப்பித்துக்கொள்வதுதான் நல்ல வழி. அதற்கு நேரமில்லை என்றால், கவுண்டரில் இருப்பவரிடம் பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தையே காட்டி, எந்தக் கட்டத்தில் எதைப் போடுகிறார் என்று கூடவே இருந்து பாருங்கள்.

இன்னொரு பெயர்ச் சிக்கல், மணத்துக்குப் பின் எடுக்கும் பெயர். கலிபோர்னியாவில் 2009 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி புதிய நடுப்பெயரையும் கடைசிப் பெயரையும் லைசென்ஸிலேயே எழுதிக்கொள்ளலாம். ஆணும் மாற்றலாம், பெண்ணும் மாற்றலாம். ஆனால் கடைசிப் பெயராக எடுக்கக்கூடியவை இவைதான்: துணையின் கடைசிப் பெயர், இருவரில் ஒருவர் பிறந்தபோது இருந்த கடைசிப் பெயர், அல்லது இவற்றை இணைத்த ஒன்று. நம் வழக்கமோ கணவரின் சொந்தப் பெயரைப் பின்னால் சேர்ப்பது. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் முதல் பெயர் 'செந்தில்', கடைசிப் பெயர் 'முருகேசன்' என்று இருந்தால் 'கவிதா முருகேசன்' ஆகலாம். 'கவிதா செந்தில்' ஆக இந்தத் தாள் உதவாது. மாமனார் பெயரைச் சுமக்க விருப்பமில்லை என்றால் பெயரை மாற்றாமல் விடுங்கள். இல்லாவிட்டால் நீதிமன்றம் மூலம் தனியாகப் பெயர் மாற்ற மனு போட வேண்டும். முதல் பெயரை லைசென்ஸ் மூலம் மாற்றவே முடியாது. உரிமம் தந்த பிறகு 'இப்போது மனசு மாறிவிட்டது, புதுப் பெயர் சேர்க்க வேண்டும்' என்றாலும் திருத்தித் தர மாட்டார்கள்.

பெற்றோர் விவரத்தில் அம்மாவின் பிறந்தபோதைய பெயர் கேட்பார்கள். அம்மாவுக்குத் திருமணத்துக்கு முன் இருந்த பெயர், அதாவது தாத்தா பெயரோடு சேர்ந்தது. கணவர் பெயரைச் சேர்த்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. போகும் முன்னால் வீட்டில் போன் செய்து எழுத்துக் கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

அச்சடித்த வரைவை நீட்டி 'சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்' என்பார்கள். பின்னால் வரிசை நீளமாக நிற்கும். நிற்கட்டும். ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியில் மாதம் முதலில், நாள் பிறகு. பதிவான பின் எழுத்துப் பிழையைத் திருத்தலாம்தான், ஆனால் கலிபோர்னியாவில் மூலத்தில் அழித்து எழுத மாட்டார்கள். திருத்தத் தாள் இணைந்து சான்றிதழ் இரண்டு பக்கமாகிவிடும்.

கோயில் குருக்கள் கையெழுத்திட்டால் செல்லுமா?

கலிபோர்னியாவில் 18 வயதுக்கு மேற்பட்ட, ஏதேனும் ஒரு மதப் பிரிவின் அதிகாரம் பெற்ற குரு முடித்து வைக்கலாம். கவுண்டியில் முன்பதிவு தேவையில்லை. நியூயார்க் நகரத்துக்குள் முடித்து வைப்பவர் சிட்டி கிளார்க்கிடம் பதிந்திருக்க வேண்டும். விர்ஜீனியாவில் சர்க்யூட் கோர்ட்டின் அங்கீகாரம் வேண்டும். ஊரிலிருந்து அழைத்து வந்த குடும்பப் புரோகிதர் மந்திரம் சொல்லலாம், கையெழுத்தை உள்ளூர்க் கோயில் குருக்கள் போடட்டும் என்றால், அந்தக் குருக்கள் மணமேடையில் இருந்து உங்கள் சம்மதத்தைக் கேட்டு முடித்து வைத்திருக்க வேண்டும். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத் தருவது பொய்ச் சான்று.

எங்கே கெடுகிறது? வெள்ளை மை பூசுவது, அடித்து எழுதுவது, தன் பெயர் கட்டத்தில் கோயில் பெயரை எழுதுவது, மணம் நடந்த கவுண்டியை எழுத வேண்டிய இடத்தில் நாட்டின் பெயரை எழுதுவது. கவுண்டிக்கும் நாட்டுக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்பதால் அவசரத்தில் இது நடக்கிறது. இப்படித் தாள் கெட்டால் ரெக்கார்டர் பதியாமல் திருப்பி அனுப்புவார். கறுப்பு மைப் பேனா ஒன்றை லைசென்ஸ் உறையோடு கிளிப் போட்டு வையுங்கள். உறையைத் தாம்பூலத் தட்டில் வைக்க வேண்டாம், மஞ்சள், குங்குமக் கறையும் தாளைக் கெடுக்கும்.

விடியற்காலை முகூர்த்தத்துக்குத் தேதி எழுதும்போதும் கவனம். பஞ்சாங்கத்தில் சூரிய உதயம் வரை முந்தின நாள். அலுவலகத்துக்கு நள்ளிரவிலேயே நாள் மாறிவிடும். ஞாயிறு காலை 5 மணி என்றால் ஞாயிற்றின் தேதிதான்.

கையெழுத்தான தாளை யார், எங்கே அனுப்ப வேண்டும்?

முடித்து வைத்தவரின் பொறுப்பு. கலிபோர்னியாவில் 10 நாளுக்குள், நியூயார்க்கில் 5 நாளுக்குள், டெக்சாஸில் 30 நாளுக்குள். அனுப்ப வேண்டியது உரிமம் தந்த அலுவலகத்துக்கு, மணம் நடந்த கவுண்டிக்கு அல்ல. சாண்டா கிளாராவில் வாங்கி லிவர்மோரில் முடித்தால் தாள் திரும்ப வேண்டியது சாண்டா கிளாராவுக்கு.

குருக்கள் ஒரே வாரத்தில் நான்கு கல்யாணம் பார்ப்பவர். அவர் பையிலேயே தாள் தங்கிவிடுவது நடக்கக்கூடியதுதான். தபால் உறையில் ஸ்டாம்ப் ஒட்டி, முகவரி எழுதித் தயாராகக் கொடுங்கள். அனுப்பும் முன் இருபக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தாள் தொலைந்துவிட்டது. மறுபடி கல்யாணம் செய்ய வேண்டுமா?

கலிபோர்னியாவில் வேண்டாம். மணம் முடிந்து, பதிவுக்கு முன் தொலைந்தால் உரிமம் தந்த அதே அலுவலகத்தில் டூப்ளிகேட் உரிமம் கேட்கலாம். மூல உரிமம் தந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். உண்மையில் மணம் நடந்த தேதியே அதில் ஏறும்.

உரிமம் எடுக்காமலேயே கோயிலில் தாலி கட்டிவிட்டோம். இப்போது?

பழைய தேதியில் உரிமம் கிடைக்காது. பின்தேதியிட்டு யாராவது கையெழுத்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கலிபோர்னியாவில் புதிதாக உரிமம் வாங்கி, கவுண்டி அலுவலகத்திலேயே எளிய சடங்காக முடித்துக்கொள்வதுதான் வழி. இதற்குள் சேர்ந்து வாழத் தொடங்கியிருப்பீர்கள் என்பதால் கான்ஃபிடென்ஷியல் உரிமமும் பொருந்தும். சட்டப்படி மணநாள் அந்தப் புதுத் தேதி. டெக்சாஸில் வேறு வழி இருக்கிறது: கணவன் மனைவியாக வாழ உடன்பட்டு, அங்கே சேர்ந்து வாழ்ந்து, வெளியிலும் அப்படியே சொல்லி வந்தவர்கள் கவுண்டி கிளார்க்கிடம் முறைசாராத் திருமண அறிவிப்பைப் பதியலாம். தொடங்கிய பழைய தேதியை அதில் குறிப்பிட முடியும்.

இங்கே பதிவு செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சென்னையில் கல்யாணம். இரண்டு இடத்திலும் பதியலாமா?

இங்கே பதிந்த அன்றே நீங்கள் தம்பதி. சென்னைச் சடங்கு குடும்பத்துக்கானது. அதைப் புதுத் திருமணமாக அங்கேயும் பதிந்தால் கையில் இரண்டு மணநாள்கள், இரண்டு சான்றிதழ்கள். விசா விண்ணப்பத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று போய்விட்டால் எது உண்மை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல இந்தியாவில் மணந்து பதிந்தவர்கள் இங்கே மறுபடி உரிமம் எடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தைக் கவுண்டி தன் பதிவேட்டில் ஏற்றாது, தமிழ்நாட்டுச் சான்றிதழே போதும்.

யூட்டா கவுண்டியில் வீடியோ வழியே கல்யாணம் செய்யலாமாமே?

செய்யலாம். யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யூட்டா கவுண்டி விண்ணப்பம், சடங்கு இரண்டையும் இணையத்தில் நடத்துகிறது. சடங்கின்போது இருவரும் ஒரே இடத்தில் சேர்ந்து இல்லாவிட்டால், அதன்பின் நேரில் சேர்ந்து தாம்பத்திய உறவு கொண்டால்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அந்த மணத்தை ஏற்கும். ஒருவர் கோவையிலும் மற்றவர் டாலஸிலும் இருந்தபடி முடித்துவிட்டு உடனே விசா போடுவது இதனால்தான் தடுக்கி விழுகிறது.

சான்றிட்ட நகலை எப்படி வாங்குவது? எத்தனை வேண்டும்?

கலிபோர்னியாவில் அது தானாக வீட்டுக்கு வராது. பதிவாகச் சில வாரம் ஆகும். பிறகு நீங்கள் கேட்டுப் பணம் கட்ட வேண்டும். டெக்சாஸில் பதிந்த மூலத் தாளையே திருப்பி அனுப்புவார்கள்.

கலிபோர்னியாவில் நகல் இரண்டு வகை. அதிகாரம் பெற்ற நகல் தம்பதி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, வழக்கறிஞர் போன்றோருக்கு மட்டும். மற்ற எவருக்கும் கிடைக்கும் நகலின் குறுக்கே 'அடையாளத்துக்குச் செல்லாது' என்ற பொருளில் முத்திரை இருக்கும். பெயர் மாற்றத்துக்கும் விசாவுக்கும் முதல் வகைதான் வேண்டும். தபாலில் கேட்டால் உறுதிமொழித் தாளில் நோட்டரி கையெழுத்துத் தேவை. தமிழ்நாட்டில் இருந்தபடி கேட்பவர்கள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நோட்டரி சேவையை முன்பதிவு செய்து பெறலாம். முத்திரைக்கு 50 டாலர்.

மூன்று நகல் போதும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பார்த்துத் திருப்பித் தரும். பெயரை மாற்றுபவர்கள் முதலில் அங்கே எஸ்எஸ்-5 படிவம் கொடுத்துவிட்டு, அப்புறம் ஓட்டுநர் உரிமத்துக்குப் போங்கள். குடியேற்றத் துறைக்குப் பெரும்பாலும் தெளிவான போட்டோ நகலே போதும். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் பல தனியாருடையவை, கூடுதல் பணம் வாங்குபவை. முகவரி 'டாட் கவ்' என்று முடிகிறதா பாருங்கள், அல்லது கவுண்டியின் சொந்தப் பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போங்கள்.

பெற்றோரின் பழைய பதிவைத் தேட வேண்டும். எங்கே தொடங்குவது?

நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு இல்லை. எந்த மாநிலம், எந்தக் கவுண்டி என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நினைவில் இருக்கட்டும்: கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பதிவு இருப்பது உரிமம் தந்த கவுண்டியில். குடியிருந்த ஊரிலும் இல்லை, மணமேடை இருந்த ஊரிலும் இல்லை. கவுண்டி தெரியாவிட்டால், டெக்சாஸ் சுகாதாரத் துறை 1966 முதலான பதிவுகளைப் பார்த்து உறுதிக் கடிதம் தரும். அதில் கவுண்டி தெரிந்துவிடும். ஆனால் சான்றிட்ட நகல் அந்தக் கவுண்டி கிளார்க்கிடம்தான். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியும் லாஸ் வேகஸின் கிளார்க் கவுண்டியும் இணையத்தில் பெயரிட்டுத் தேட விடுகின்றன. பென்சில்வேனியாவில் மாநில அளவில் எதுவும் கிடையாது, நேரே கவுண்டிதான்.

கலிபோர்னியாவுக்கு 1960 முதல் 1985 வரையிலான மாநில அட்டவணை வம்சாவளித் தளங்களில் கிடைக்கிறது. இலவசமான ஃபேமிலிசர்ச் தளத்தில் கலிபோர்னியக் கவுண்டிப் படங்கள் 1850 முதல் 1953 வரை, டெக்சாஸ் 1837 முதல் 1965 வரை. தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வந்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு என்பதால் நமக்கு இவை அதிகம் உதவா.

தேடினேன், வரவில்லை. பதிவே இல்லையா?

அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வராதீர்கள். முதலில் பெயரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'எஸ். ராமசாமி' என்று அறியப்பட்டவர் அப்பா பெயரான 'சுப்பிரமணியன்' என்ற கடைசிப் பெயரில் இருக்கலாம், அல்லது ராமசாமியே கடைசிப் பெயராக ஏறியிருக்கலாம். சாமியா ஸ்வாமியா, இறுதியில் 'அம்' இருக்கிறதா என்பதில் ஆங்கில எழுத்துக்கள் மாறும். முதல் நான்கு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். 'ழ' வரும் பெயர் என்றால் 'எல்' எழுத்திலும் 'இசட்எச்' எழுத்திலும் பாருங்கள். மணப்பெண் பெயரில் தனியாகவும் தேடுங்கள். அவர்களுடைய பெயர் சில சமயம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும்.

பிறகு தேதி. 4/7/1979 என்று பழைய தாளில் இருந்தால் அமெரிக்க வழக்கில் ஏப்ரல் 7, வீட்டில் சொல்வது ஜூலை 4. விசாவுக்காகக் கோர்ட்டில் முன்னதாகப் பதிந்துவிட்டுக் கோயில் கல்யாணத்தைப் பிறகு வைத்தவர்களும் உண்டு. ஆல்பத்தில் இருக்கும் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வருஷம் தள்ளிப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் இன்னொரு காரணம் இருக்கலாம்: அது கான்ஃபிடென்ஷியல் திருமணம். பொது அட்டவணையில் வரவே வராது. தம்பதியில் ஒருவர் உரிமம் தந்த கவுண்டி கிளார்க்கிடமே கேட்க வேண்டும்.

பெயர் அட்டவணையில் கிடைத்தாலும் பதிவை முழுதாகப் பாருங்கள். டெக்சாஸ் ஏடுகளில் உரிமம் தந்த தேதி, மணம் நடந்த தேதி, தாள் திரும்பி வந்த தேதி என மூன்று இருக்கும். பின்னிரண்டும் காலி என்றால் உரிமம் வாங்கினார்கள் என்பதற்குத்தான் சான்று, மணந்தார்கள் என்பதற்கு இல்லை. தேடிக் கிடைக்காவிட்டாலும் கலிபோர்னியாவில் கட்டணம் திரும்பாது. 'பொதுப் பதிவு இல்லை' என்ற சான்று தருவார்கள். அதையும் பத்திரமாக வையுங்கள், சில விசா அலுவலகங்கள் அதையே கேட்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்துக்கு முந்தையவையும், குக் கவுண்டியில் 1871 பெருந்தீக்கு முந்தையவையும் எரிந்துபோயின.

விவாகரத்துத் தீர்ப்பும் இதே அலுவலகத்திலா?

இல்லை. அது வழக்கு நடந்த நீதிமன்றத்தின் கிளார்க்கிடம்.

இந்தியாவில் காட்ட அப்போஸ்தில் வேண்டுமா, எங்கே?

அப்போஸ்தில் என்பது ஓர் ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்காகத் தரும் உறுதித் தாள். இந்தியா 2005 முதல் அப்போஸ்தில் உடன்பாட்டில் இருக்கிறது, ஆகவே தனியாகத் தூதரக முத்திரை தேவையில்லை. சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநிலத்தின் அலுவலகம்தான் போட வேண்டும், பெரும்பாலும் அது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். டெக்சாஸில் மணந்து இப்போது கலிபோர்னியாவில் இருந்தாலும் தாள் ஆஸ்டினுக்கே போக வேண்டும். போட்டோ நகலில் நோட்டரி முத்திரை போட்டு அனுப்பாதீர்கள். சான்றிட்ட நகலே வேண்டும். கலிபோர்னியாவில் கட்டணம் 20 டாலர், நேரில் கொடுத்தால் ஒரு கையெழுத்துக்கு 6 டாலர் கூடுதல். நியூயார்க் நகரச் சான்றிதழுக்கு ஒரு படி அதிகம்: சிட்டி கிளார்க்கிடம் வெளிநாட்டுக்கான விரிவான சான்றிதழ் என்று சொல்லி வாங்கி, முதலில் கவுண்டி கிளார்க்கிடம் கையெழுத்தை உறுதி செய்து, அதன்பிறகுதான் மாநில அலுவலகம். அப்போஸ்தில் தாளைச் சான்றிதழோடு பின் அடித்துத் தருவார்கள். ஸ்கேன் எடுப்பதற்காக அந்தப் பின்னைக் கழற்றாதீர்கள். கழற்றினால் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.